முழ உயரச் சுவர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பங்காளிச் சண்டையில்தான் போய் நிற்கிறது. எந்த வீட்டில் எத்தனை வருஷம் பேச்சுவார்த்தை இல்லை, யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை, எந்தச் சாவுக்கு யார் வாசலோடு திரும்பினார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். என் முறை வரும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். எங்கள் வீட்டுச் சண்டை ஆவணியில் தொடங்கிக் கார்த்திகையில் முடிந்துவிட்டது. நாலு மாதம் கூட முழுசாக இல்லை. பிற்பாடு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்து எத்தனையோ பிள்ளைச் சண்டைகளைத் தீர்த்திருக்கிறேன், தீர்க்கத் தெரியாமல் கெடுத்தும் இருக்கிறேன். ஆனால் அந்த நாலு மாதத்தில் பார்த்ததற்கு மேல் புதிதாக எதையும் பார்த்ததாக நினைவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய் ஓயாது, கால் நிற்காது.

காரைக்குடியில் எங்கள் வீடு. அப்பச்சியும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவருடைய தம்பி சின்னப்பச்சியும் ரங்கூனில் ஒரே கடையில் இருந்தார்கள். வீட்டில் மேற்குப் பக்கத்து அறைகளில் என் ஆத்தா, அக்கா, நான், இரண்டு தம்பிகள். கிழக்குப் பக்கத்தில் சின்னப்பச்சி மனைவி சின்னாத்தாவும் அவர் பிள்ளைகள் மூன்று பேரும். எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் கொத்தனார் முதல் சம்பந்தி வரை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் ஆச்சி என்பார்கள் என்பதால், குழப்பம் வேண்டாம், இங்கே அக்கா என்றே எழுதிக்கொண்டு போகிறேன்.

ஒரே கூரைதான், ஆனால் தனித்தனி அடுப்பு. சண்டை போட்டுப் பிரிந்த அடுப்பு இல்லை. எங்களில் கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக உலை வைத்துக் கொடுத்துவிடுவது வழக்கம். ஆனால் நடு முற்றம் பொது. கிணறு பொது. நல்லது கெட்டது பொது. நல்ல நாளுக்கு எடுக்கும் கம்பளங்கள், வெள்ளிச் சாமான், பெண் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைத்த சீர் எல்லாம் கிழக்குத் தாழ்வாரத்தில் ஒரு பொது அறையில் இருந்தன. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஆத்தா இடுப்பில், இன்னொன்று சின்னாத்தா இடுப்பில். ஒருத்தி மட்டும் நினைத்தால் அந்தக் கதவு திறக்காது.

சண்டை வெயிலுக்காக வந்தது. உண்மையாகவே வெயிலுக்காக.

எங்கள் முற்றத்தில் காலை வெயில் மேற்குப் பாதியில் விழும், பிற்பகல் வெயில் கிழக்குப் பாதியில் விழும். அந்த ஆவணியில் ஒருநாள் சின்னாத்தா விடிந்ததும் மேற்குப் பாதியில் மோர்மிளகாயைப் பரப்பிவிட்டுப் போய்விட்டார். ஆத்தா வடகத்துக்குக் கூழ் கிண்டி எடுத்துக்கொண்டு வந்தாள். கூழ் ஆறினால் பிழிய வராது. மிளகாய்த் தட்டைக் காலால் ஒதுக்கினாள் என்று சின்னாத்தா சொன்னார். கையால்தான் ஒதுக்கினேன் என்று ஆத்தா சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். கைதான். ஆனால் கையில் கொஞ்சம் காலின் வேகம் இருந்தது.

"வெயிலை யாரும் பட்டா போட்டு வாங்கலையே, ஆச்சி" என்றார் சின்னாத்தா.

"வாங்கிட்டாப் போச்சு. நடுவுல ஒரு சுவரை வச்சுருவோம். உன் வெயில் உனக்கு, என் வெயில் எனக்கு."

"வைங்க. இன்னைக்கே வைங்க. நானா வேண்டாங்குறேன்?"

இரண்டு பேரும் ரங்கூனுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதினார்கள். அங்கே அண்ணனும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்து இரண்டையும் படித்திருக்க வேண்டும். ஒரே தபாலில், ஒரே மாதிரி, இரண்டு பதில்கள் வந்தன. மழைக்கு முன்னால் ஓடு மாற்றச் சொல்லி எழுதியிருந்தார்கள். சண்டையைப் பற்றி ஒரு வரி கிடையாது.

புரட்டாசியில் கொத்தனார் வந்தார். முற்றத்தின் நடுவே கயிறு பிடித்தார்கள். கயிற்றின் ஒரு முனையை ஆத்தா பார்த்துக்கொண்டாள், மறு முனையைச் சின்னாத்தா. ஒரு விரல் இங்குட்டு, ஒரு விரல் அங்குட்டு என்று கயிறு அரை நாள் ஆடியது. முழ உயரம்தான் சுவர். குழந்தை தாண்டிவிடும். ஆனாலும் சுவர் சுவர்தானே.

முதல் வரிசை செங்கல் வைத்ததும் கொத்தனார் நிமிர்ந்தார். "ஆச்சி, தரை வாட்டம் மேக்க இருக்கு. மழைத் தண்ணி அம்புட்டும் இங்குட்டுத்தான் வடியும். அடியில ரெண்டு ஓட்டை விட்டுக் கட்டிர்றேன்."

"அவுக வீடு கழுவுன தண்ணி என் பக்கமா எதுக்கு ஓடணும்?" என்றாள் ஆத்தா.

சின்னாத்தா கிழக்கிலிருந்து சொன்னார்: "ஓட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நான் மூச்சு விடுறது கூட அது வழியா அங்குட்டுக் கேக்கும். நல்லா அடைச்சே கட்டுங்க."

"மழை வந்தா?" என்றார் கொத்தனார்.

"மழை எங்களுக்குத்தான வருது. உங்களுக்கா வருது? கட்டுங்க" என்றார் சின்னாத்தா.

அந்த ஆவணி புரட்டாசியில் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். சமமாகப் பிரிப்பதில் அத்தனை கெட்டிக்காரர்கள், தண்ணீருக்குச் சமம் தெரியாது என்பதை மறந்துவிட்டார்கள்.

பெரியவர்கள் சண்டை பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்று சொல்வோம். நான் கண்டது வேறு. எங்கள் தாய்மார் இரண்டு பேரும் தனியே விடப்பட்டிருந்தால் ஒரு மாதத்தில் சலித்துப் போயிருப்பார்கள். விடாமல் ஊதியது நாங்கள்தான். சின்னாத்தா மகள் என் வயது. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. சுவர் வந்த மறுநாள் அவள் பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போனாள், நான் இந்தக் கோடிக்கு வந்தேன். நடுவில் உட்காரச் சொல்லி வேறு ஒருத்தியைப் பிடித்துப் போட்டோம். பாவம், அவளுக்கு இரண்டு பக்கமிருந்தும் முழங்கை இடி.

வீட்டில் எங்களுக்கு மேற்கத்தியார் என்று பெயர். அவர்கள் கிழக்கத்தியார். கிழக்கத்தியார் சாம்பாரில் நாற்றம் வரும் என்று என் தம்பி கண்டுபிடித்தான். அதற்கு முந்தின மாதம் வரை அவன் தினமும் சாப்பிட்ட சாம்பார் அது. அவர்கள் பாதி பெரியது என்று நாங்கள் சத்தியம் செய்தோம், எங்கள் பாதி பெரியது என்று அவர்கள். ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்து மர அளவுகோலை எடுத்துக்கொண்டு நான் தவழ்ந்து தவழ்ந்து இரண்டு பக்கமும் அளந்தேன். அரை விரல் வித்தியாசம் இல்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை. அளவுகோல்தான் தேய்ந்துபோயிருக்கும் என்று முடிவு செய்தேன்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. நான் கோள் சொன்னேன். சின்னாத்தா என்ன சொன்னார் என்று ஆத்தா கேட்பாள். நான் கேட்டதைச் சொல்வேன். கேட்காததையும் கொஞ்சம் சேர்ப்பேன். சொல்லி முடித்தால் ஒரு வெள்ளைப் பணியாரம் கிடைக்கும், பக்கத்தில் காரச் சட்னியோடு. செய்தி நன்றாக இருந்தால் இரண்டு. எதிர்ப் பக்கத்திலும் இதே ஏற்பாடு நடந்ததாகப் பிற்பாடு சின்னாத்தா மகள் சொன்னாள். அவளுக்குச் சீயமாம்.

அவளுக்கு ஒரு பெரிய துக்கம் இருந்தது. முற்றத்துத் தண்ணீர் வடிகிற துவாரத்துக்கு மூடியாக ஒரு பித்தளை ஆமை உண்டு. உள்ளங்கை அகலம், முதுகெல்லாம் பொடிப் பொடியாக ஓட்டைகள். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் அதற்குப் பூ வைத்து விளையாடியிருக்கிறோம். துவாரம் மேற்கு மூலையில் இருந்ததால் ஆமை எங்களுக்கு வந்துவிட்டது. அவள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அதையே பார்ப்பாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தே நான் அதற்குப் புளி போட்டுத் தேய்ப்பேன்.

இத்தனைக்கும் நடுவில் அக்கா இருந்தாள். தேவகோட்டையில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி, தை மாதம் கல்யாணம் என்று சுவர் வருவதற்கு முன்பே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளையைச் சாக்கோட்டைக் கோயிலில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். படியில் அவர் கையிலிருந்து அர்ச்சனைத் தேங்காய் நழுவி உருண்டதாம். அதைப் பிடிக்க ஓடாமல் அவர் நின்று சிரித்தாராம். "தன்னைப் பாத்துத் தானே சிரிக்கிற ஆளுடி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். எங்களில் கல்யாணம் பெண் வீட்டு முற்றத்தில்தான் நடக்கும். பங்காளிகள் முன்னால் நிற்காமல் நடக்காது.

சுவர் காய்ந்த அன்று அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மணையை எங்குட்டுப் போடுவாக? இது மேலயா?" என்றாள். ஆத்தா உள்ளே போனாள்.

ஐப்பசியில் அத்தை வந்தார். அப்பச்சியின் உடன்பிறந்தவர், இரண்டு பக்கமும் அவருக்குப் பயப்படும். தீபாவளிக்கு இரண்டு அடுப்புச் சமையலையும் ஒன்றாக வைத்து, எல்லாரையும் ஒரே பந்தியில் உட்கார்த்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். நல்ல மனுஷி. ஆனால் பிள்ளைகளை எதிரெதிராக உட்கார வைத்தார்.

"எங்க கும்மாயத்தை ஏன் திங்கிறே?" என்றான் கிழக்கத்தியான் ஒருவன்.

"திங்கலை. சகிச்சுக்கிறேன்" என்றான் என் தம்பி.

அதற்கப்புறம் முதலில் பறந்தது அப்பளம். அடுத்தது என்ன என்று சொல்ல எனக்கே வெட்கம். ஆத்தா வைத்த பாயசத்தைச் சின்னாத்தா தொடவில்லை, சின்னாத்தா குழம்பை ஆத்தா ஊற்றிக்கொள்ளவில்லை, அதை எல்லாரும் பார்த்தோம். முன்பு மனத்தில் மட்டும் இருந்ததற்கு இப்போது சாட்சி வந்துவிட்டது. அத்தை மறுநாளே வண்டி கட்டச் சொல்லிப் போய்விட்டார். பிற்காலத்தில் நான் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து விருந்து வைத்துச் சண்டை தீர்க்கப் போய் இதே அப்பளத்தைத் தலையில் வாங்கினேன். பக்கத்தில் உட்கார்வதால் மட்டும் யாரும் சேர்ந்துவிடுவதில்லை.

பந்திக் கதை தேவகோட்டைக்கு எட்டிவிட்டது. பத்து நாளில் ஆள் வந்தது. அவர் முகப்பில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, சொல்லச் சொன்னதைச் சொன்னார்.

"பங்காளி முகம் பாக்காத வீட்டுல பொண்ணெடுக்கிறதில்லைங்கிறாக. கார்த்திகை கடைசியில மாப்பிள்ளையோட ஆத்தா நேர்ல வந்து பாப்பாக. பாத்துட்டுத்தான் தேதியாம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கிறதாம்."

அன்றைக்கே சுவரை இடித்திருக்கலாம். ஆனால் யார் முதலில் இடிப்பது? இடித்தவள் தோற்றவள். "அவ வந்து கேக்கட்டும், நான் இடிக்கிறேன்" என்று ஆத்தா இந்தப் பக்கம் சொன்னாள். சின்னாத்தா அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்பதை நான் வந்து சொன்னேன். அதே வார்த்தைதான். அன்று ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமில்லை.

கார்த்திகை பிறந்து இரண்டாவது வாரம் மழை பிடித்தது. முதல் நாள் சாதாரண மழை. மறுநாள் காலையில் வானமே இறங்கிவிட்டது. தெருவில் முழங்கால் தண்ணீர், பள்ளிக்கூடம் இல்லை, வேலைக்கு வருகிற பெண்ணும் வரவில்லை. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக்குள் தடித்த கயிறு மாதிரி விழுந்தது. எங்கள் பாதித் தண்ணீரை ஆமை கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தது. கிழக்குப் பாதியில் தண்ணீர் சுவரில் முட்டி நின்று ஏறிற்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கை தட்டினேன். தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, கிழக்கே கடல் வந்துவிட்டது என்று பாட்டுக் கட்டிப் பாடினேன். சின்னாத்தா மகள் ஒரு செம்பை எடுத்து அவர்கள் பக்கத்துத் தண்ணீரைச் சுவருக்கு மேலாக எங்கள் பக்கம் ஊற்றினாள். என் தம்பிகள் அதை ஒரு செம்பில் பிடித்துத் திருப்பி ஊற்றினார்கள். இப்படியே அரை மணி நேரம். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அப்போது அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அக்கா சத்தம் கேட்டு வெளியே வந்தாள். அவள் எங்களைப் பார்க்கவில்லை. நேர் எதிரே கிழக்குத் தாழ்வாரத்தில் இருந்த இரட்டைப் பூட்டு அறையைப் பார்த்தாள். தண்ணீர் தாழ்வாரத்தில் ஏறி அந்த வாசற்படியைத் தொட்டுவிட்டது. அவளுடைய பட்டுகள், கம்பளம், அவள் பிறந்ததிலிருந்து சேர்த்த அத்தனையும் அங்கேதான் தரையில் பெட்டி பெட்டியாக இருந்தன. சின்னாத்தா மகளுக்குச் சேர்த்ததும் அங்கேதான்.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரைத் தாண்டினாள். சுவர் வந்த பிறகு பெரியவர்களில் அதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான்.

"ஆத்தா, சாவி."

ஆத்தா இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவ மொதல்ல தொறக்கட்டும்."

"நான் தொறக்க மாட்டேன்னு சொல்லலையே. அவுக வரட்டும்" என்றார் சின்னாத்தா.

அக்கா தண்ணீருக்குள் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு பேரும் ஆளுக்கொரு பூட்டைக் கட்டிக்கிட்டே இருங்க. எனக்குச் சாமானும் வேணாம், கல்யாணமும் வேணாம். இந்தச் சுவரு நல்லா இருக்கட்டும்."

ஆத்தா சுவரைத் தாண்டியதை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அவள் கதவருகில் இருந்தாள், பக்கத்தில் சின்னாத்தா. இரண்டு சாவியும் ஒன்றாகத் திரும்பின. கதவு திறந்தது. தண்ணீர் எங்களுக்கு முன்னால் உள்ளே நுழைந்தது.

"பெட்டியைத் தூக்கிப் பிரயோசனமில்லை ஆச்சி, தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. மொதல்ல இதை வடிக்கணும்" என்றார் சின்னாத்தா.

ஆத்தா உலக்கையை எடுத்துவந்து மேற்கிலிருந்து சுவரில் இடித்தாள். சுண்ணாம்பு இறுகிக் கல்லாக இருந்தது. கொத்தனார் ஏமாற்றாமல் கட்டியிருந்தார். சின்னாத்தா தொழுவத்திலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து கிழக்கிலிருந்து குத்தினார். தண்ணீருக்குள் குத்தினால் வேகம் வரவில்லை. ஆத்தா அடித்த இடமும் சின்னாத்தா குத்திய இடமும் வேறு வேறு.

"இங்குட்டு வா. நான் எடுக்கையில நீ போடு" என்றாள் ஆத்தா.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. எத்தனையோ வருஷம் ஒரே உரலில் இரண்டு பேரும் எதிரெதிர் நின்று மாவு இடித்தவர்கள். உலக்கை ஏறும்போது கடப்பாரை இறங்கிற்று, கடப்பாரை ஏறும்போது உலக்கை இறங்கிற்று. யாரும் எண்ணவில்லை, யாரும் சொல்லவில்லை. மனசு மறந்ததைத் தோள் மறக்கவில்லை. இடிக்கும்போது விடுகிற அந்த 'உஸ்' சத்தம் கூட மாறி மாறி வந்தது.

நாங்கள் சும்மா நிற்கவில்லை. நான் ஒரு பெட்டியைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. சின்னாத்தா மகள் வந்து மறு பக்கத்து வளையத்தைப் பிடித்தாள்.

"ஒத்தையா இழுக்காதடி, நசுங்கிருவே" என்றாள். சுவர் வந்த பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "ஒண்ணு, ரெண்டு சொன்னதும் தூக்கு."

பன்னிரண்டு பெட்டி தூக்கினோம். தம்பிகளும் கிழக்கத்தியாரும் வரிசையாக நின்று தூக்குச் சட்டிகளையும் பர்மாக் கூடைகளையும் கை மாற்றினார்கள். யார் எந்தப் பக்கம் என்று பார்க்க யாருக்கும் கை ஒழியவில்லை.

சுவரில் மூன்று செங்கல் பெயர்ந்ததும் மிச்சத்தைத் தண்ணீரே தள்ளிக்கொண்டது. ஒரே பாய்ச்சல். ஆமை கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றித் துவாரத்துக்குள் போயிற்று. சின்னாத்தா மகள் பாய்ந்தாள், நானும் பாய்ந்தேன், இரண்டு பேர் தலையும் மோதிக்கொண்டன. மழை விட்டபின் ஊருணி வரைக்கும் கால்வாயில் தேடினோம். இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுதோம். அது கிடைக்கவே இல்லை.

ஆத்தாவும் சின்னாத்தாவும் கட்டிப்பிடித்து அழவில்லை. அப்படியெல்லாம் எங்கள் வீட்டில் நடக்காது. தாழ்வாரத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்கள். "உன் மோர்மிளகாய் நனைஞ்சு போச்சா?" என்றாள் ஆத்தா. "உங்க வடகமுந்தான்" என்றார் சின்னாத்தா. கிழக்கு அடுப்பு நனைந்து கிடந்ததால் அன்று எங்கள் அடுப்பில் எல்லாருக்கும் உலை வைத்தார்கள். மூன்று நாள் வெயில் இல்லை. இரண்டு பக்கத்துக் கணப்புச் சட்டிகளையும் வைத்துப் பட்டுகளைக் காய வைத்தோம். வீடு முழுக்கக் கர்ப்பூரமும் ஈரப் பட்டும் கரியும் கலந்த வாசனை.

கார்த்திகைக் கடைசியில் தேவகோட்டையிலிருந்து மாப்பிள்ளையின் தாயார் வந்தார். கனத்த சரீரம், நிதானமான நடை, எதையும் இரண்டு தடவை பார்க்கிற கண். ஆத்தாவும் சின்னாத்தாவும் ஒன்றாக வாசலுக்குப் போய் "வாங்க" என்றார்கள். பாயைச் சின்னாத்தா விரித்தார், தாம்பாளத்தை ஆத்தா நீட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

அவர் முற்றத்தில் இறங்கினார். நடுவில் நின்றார். சுவர் போய்விட்டது, ஆனால் தரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு சுண்ணாம்புத் தழும்பு நேராகக் கிடந்தது. எத்தனை தேய்த்தும் அது போகவில்லை.

"இது என்ன ஆச்சி?"

உள் அறைக் கதவுக்குப் பின்னால் அக்கா நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். கதவிடுக்கில் அவள் விரல்கள் நாலும் வெளுத்துத் தெரிந்தன.

சின்னாத்தா தொண்டையைச் செருமினார். "பிள்ளைக தண்ணி கட்டி விளையாடணும்னு ஒரே அழுகை. மழைக்கு ஒரு வரப்பு மாதிரி வச்சோம். அம்புட்டுத்தான்."

மாப்பிள்ளையின் தாயார் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா தாயி?"

சின்னாத்தா மகள் என் கையை இறுக்கினாள். "ஆமா" என்றாள் அவள். "நீச்சல் கூட அடிச்சோம்" என்றேன் நான். எனக்குக் கேட்காததைச் சேர்க்கும் பழக்கம் போகவில்லை.

அவர் தழும்பைப் பார்த்தார். அதன் மேல் பாதத்தை வைத்து அகலத்தை அளப்பதுபோல் ஒரு தடவை அழுத்தினார். பிறகு எங்கள் இரண்டு தாய்மாரையும் பார்த்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"எதை வச்சு இடிச்சீக? எங்க வீட்டுல உள்ளது இடுப்பு உயரம்."

"உலக்கை" என்றாள் ஆத்தா. "கடப்பாரை" என்றார் சின்னாத்தா. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

உள் அறையிலிருந்து அக்கா சிரித்தாள். கல்யாணம் பேசிய பெண் சம்பந்திக்குக் கேட்கும்படி அப்படிச் சிரிக்கக் கூடாது. யாரும் அவளை அதட்டவில்லை.